எந்த நாச்சிமுத்து?

தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டால் கை இரண்டும் சும்மா கிடைக்கும் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவள் எவளோ, அவளுக்கு ஒரு கோயிலே கட்டலாம் என்று நினைத்தாள் சுகந்தி. இழு, விடு. இழு, விடு. விட்டத்துக் கொக்கி கிறீச் கிறீச்சென்று கத்தியது. எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் புள்ளை எழுந்துகொள்ளும், அதனால் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் உண்டு, அந்தக் கொக்கிக்கு மட்டும் கிடையாது. தூளிக்குள் வெண்பா முழுசாகத் தூங்கவில்லை. சேலையின் அடிப்பக்கம் ஒரு குதிகால் முட்டி முட்டித் தெரிந்தது, வயிற்றுக்குள் இருந்தபோது முட்டியது போலவே. உள்ளே இருந்தாலும் வெளியே வந்தாலும் உதைக்கிறது மட்டும் மாறவில்லை, அப்பனைப் போல, இல்லை இல்லை, அவள் அப்பன் சாது, இது என்னைப் போல. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு செல்லாத்தாள்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு செல்லாத்தாள் அவளுடைய மாமியார், ஊர்ப்பேச்சில் கெழக்கால வூட்டுச் செல்லாத்தாள். இன்னொரு செல்லாத்தாள் வடக்கு வீட்டுக்காரர். டொக். டொக் டொக். ஒருத்தர் தட்ட, ஒருத்தர் கொட்டை எடுக்க, நடுவில் ஊஞ்சவலசு ஊர்க் கதை பூராவும் தோலுரிந்துகொண்டிருந்தது. மடியில் லேப்டாப்பின் சூடு, கழுத்தில் வேர்வை, காதில் ஒற்றை இயர்போன் செருகி. இன்னொரு காது புள்ளைக்கு. செருகிக்குள் கோயம்புத்தூர் ஆபீசின் ஏசி உறுமுவது கேட்டது. மேலதிகாரி ஸ்ரீவத்சன் சார் தண்ணீர் குடிப்பது கூடக் கேட்டது. இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தால் முடிந்துவிடும். முடிந்தால் தெரிந்துவிடும். ஆரம்பிக்காமல் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, எலுமிச்சம்பழச் சாற்றில் சர்க்கரை கரைகிற நேரம் மாதிரி, இனிப்பா புளிப்பா என்று இன்னும் நாக்குக்குத் தெரியாது.

தெரியப்போவது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு அவள் எழுதின தேடல் கருவி, அவள் வைத்த பேரில் தொரட்டி, வேலை செய்தால் சுகந்தி காங்கேயத்திலேயே இருக்கலாம், அதாவது பாதி நாள் வீட்டில், பாதி நாள் தேங்காய் எண்ணெய்க் கடை மாடியில் இருக்கிற ஆபீசில். செய்யாவிட்டால் அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒரு டூலை வாங்கிவிடுவார்கள், ஜூன் மாதத்திலிருந்து அவளுக்குக் கோயம்புத்தூரில் நாற்காலி. பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை ஸ்ரீவத்சன் சார், தங்கமான மனுசர், ‘உங்க நல்லதுக்குத்தான்மா, அங்க வந்தா நாலு பெரிய வேலை கத்துக்கலாம்’ என்றுதான் சொன்னார். நாலு பெரிய வேலை. நாலும் வாங்கிக்கொள்கிறேன் சார், ஆனால் வெண்பா எழுவதற்கு முன்னால் பஸ் ஏறி, அவள் தூங்கின பிறகு பஸ் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ‘யாரிது’ என்று அவள் முழிப்பாளே, அதை எந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது. போன மாதம் ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்தாள். பல்லடம் தாண்டுவதற்குள் மார் கட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டில் யாருடைய கைக்குழந்தையோ அழுதது, அவ்வளவுதான், இரவிக்கை நனைந்துவிட்டது. யார் புள்ளை அழுதால் என்ன, பாலுக்குத் தெரியுமா எந்தப் புள்ளை என்று. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு வெட்கத்தோடு ஒரு சிரிப்பும் வந்தது, பால் நிலையங்களுக்குச் செயலி எழுதுகிறவள் பஸ்ஸில் தானே ஒரு பால் நிலையமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று. இழு, விடு. குதிகால் அடங்கிவிட்டது. தூங்கிட்டியா சாமி. தூங்கு. அம்மா இங்கேதான் இருக்கேன். இருப்பேன். இருந்தாகணும்.

“சுகந்தி, லைன்ல இருக்கியா கண்ணு?” என்றார் பிரபாவதி அக்கா. காங்கேயம் ஆபீசுக்குத் தலை அவர்தான். மைக்கைத் திறக்க முடியாது. திறந்தால் புளி தட்டுகிற சத்தம் கோயம்புத்தூர் வரை போகும், பேசினால் இங்கே தூளி கலையும். ‘இருக்கேங்க்கா, பாப்பா தூங்குது’ என்று எழுதி அனுப்பினாள். “சார், சுகந்தி இருக்காங்க, குழந்தை தூங்குதாம், எழுத்துல பேசுவாங்க.” “தாராளமா” என்றார் ஸ்ரீவத்சன். அந்தத் தாராளமாவில் சிரிப்பு இருந்ததா, சலிப்பு இருந்ததா. சிரிப்புத்தான். இல்லை, மூக்கால் விட்ட மூச்சா. ஒரு சொல்லுக்குள் போய் ஏன் இப்படிப் புளியங்கொட்டை பொறுக்குகிறாய் என்று தன்னைத் தானே அதட்டினாள். “புதுசா, நம்ம யாருமே பார்க்காத கம்ப்ளெய்ண்ட் ஒண்ணு எடுத்துக்கலாம்” என்றார் அவர். “இன்னைக்குக் காலைல வந்தது. செம்மடைப்பாளையம் பால் நிலையம். செயலாளர் குரல் பதிவு அனுப்பியிருக்கார். அதை அப்படியே நம்ம ஏஐ ஏஜெண்ட் கிட்ட குடுப்போம். அது நம்ம பிழைப் பலகைல தேடி, இதுக்கு எந்த இஷ்யூ காரணம்னு சொல்லணும். நாம யாரும் வாய் திறக்கக் கூடாது.” எந்தக் கம்ப்ளெய்ண்டோ. பார்க்காத பொண்ணுக்குத் தாலி கட்டுகிற மாதிரி. சுகந்தியின் கட்டைவிரல் கயிற்றைக் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டது, தூளி சுவரைத் தொடப்போய்த் திரும்பியது. மெதுவாடி, மெதுவா.

“சார் வணக்கமுங்க” என்றது குரல் பதிவு. பின்னணியில் ஒரு மாடு, ஒரு மோட்டார் பைக், அப்புறம் கேன் உருளுகிற சத்தம். “நான் செம்மடைப்பாளையம் கொளந்தசாமி பேசறேனுங்க. புது மெம்பருக லிஸ்டை ஏத்தச் சொன்னீங்கல்லொ, காத்தால இருந்து ஏத்திட்டே இருக்கறேனுங்க, கருப்பண்ணன் மகன் நாச்சிமுத்து வரைக்கும் ஜம்முனு போகுதுங்க, நாச்சிமுத்துல வந்து நின்னுக்குதுங்க. அதுக்குக் கீள ஒரு ஆளும் ஏற மாட்டேங்குது. நானும் வெளிய வந்து பாத்துட்டேன், போனை அணைச்சுப் பாத்துட்டேன், விபூதி கூடப் பூசிப் பாத்துட்டேனுங்க.” பிரபாவதி அக்கா கொல்லென்று சிரித்தார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், கயிறும் குலுங்கியது. கொளந்தசாமிண்ணா, நீங்கள் மட்டும் எதிரில் இருந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுப்பேன். ஆனால் சிரிக்கிற நேரமா இது, லிஸ்ட் ஏறவில்லை என்றால் கீழே இருக்கிறவர்கள் சாயந்திரம் ஊற்றுகிற பாலுக்குக் கணக்கு ஏறாது.

பிழைப் பலகை என்பது ஒரு வேப்பமரம். அப்படித்தான் அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். எந்த ஊரில் எவர் போனில் செயலி தடுக்கி விழுந்தாலும் ஒரு குறிப்பு தானாக வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரே மாதிரிக் குறிப்புகள் ஒரு கொப்பாகச் சேரும், அந்தக் கொப்புக்குப் பேர் இஷ்யூ. மனுசர் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், எல்லாக் கொப்பும் ஒன்றாகத் தெரியும். அதனால்தான் ஏஜெண்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படிக்கும், யோசிக்கும், சலிக்காது, சம்பளம் கேட்காது. ஆனால் அதுவும் கீழே நிற்கிற ஆடு மாதிரிதான், வாய் எட்டாது. கொப்பை வளைத்து அதன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து கொடுக்க ஒரு தொரட்டி வேண்டும். அந்தத் தொரட்டியைத்தான் சுகந்தி எழுதினாள், வெண்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு பாதி, மடியில் வைத்துக்கொண்டு மீதி. ஆபீசில் அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. தொரட்டி என்றால்தான் அவளுக்குக் கை நீளும். முதலில் எழுதின தொரட்டியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. ஏஜெண்ட் ஒன்று கேட்டால் மரத்தையே அடியோடு சாய்த்து அதன் தலையில் போட்டது. ‘லிஸ்ட் ஏறவில்லை’ என்றால் லிஸ்ட் என்ற சொல் எங்கெங்கே உண்டோ அத்தனையும் மடமடவென்று. பாவம் அந்த ஏஜெண்ட், அத்தனை இலையையும் தின்றுவிட்டு, முதலில் வாயில் பட்டது எதுவோ அதையே ‘இதுதான் காரணம், சந்தேகமே இல்லை’ என்று சொன்னது. மாமனார் வீட்டுக்குப் புதுசாக வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் ஆமாமா என்று தலையாட்டுகிற மாதிரி. சந்தேகமே இல்லையாம். சந்தேகம் இல்லாதவனை நம்பி ஒரு கன்றுக்குட்டியைக் கூட வாங்கக் கூடாது என்று அப்பா சொல்வார்.

அப்புறம் ஒரு நாள் வெண்பாவுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் அது தோன்றியது. நர்ஸ் அக்கா வெளியே வந்து ‘செல்லாத்தாள்’ என்று கூப்பிட்டார். ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே குலசாமி, செல்லாண்டியம்மன், வீட்டுக்கு ஒருத்திக்கு அந்தப் பேர் வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். நர்ஸ் அக்கா அசரவே இல்லை. ‘எந்த ஊர்ச் செல்லாத்தாள்? யாரு வூட்டுச் செல்லாத்தாள்? என்னத்துக்கு வந்தீங்க, பிரசருக்கா, சுகருக்கா?’ என்று மூன்றே கேள்வி கேட்டார். ஒருத்தர் மட்டும் நின்றார், மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். கையில் இருந்த புள்ளை ஊசி வலியில் வீல் வீலென்று கத்திக்கொண்டிருக்க, சுகந்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பேரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற ஊரா இது? பேர் என்பது எல்லோருக்கும் பொதுச் சொத்து, ஆள் எங்கே இருக்கிறார், யாருக்குச் சொந்தம், எதற்கு வந்தார் என்று கேட்டால்தான் ஆள். பிழைக்கும் அப்படித்தானே. வீட்டுக்கு வந்ததும் தொரட்டிக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். ஒரே பேரில் நிறைய கொப்பு இருந்தால் கொட்டாதே. நின்று கேள். எந்த ஊர், எந்தப் பக்கம், எப்போதிருந்து. அப்புறம் ஒவ்வொரு கொப்போடும், விழுவதற்கு முன்னால் அந்த ஆள் கடைசியாக எதைத் தொட்டார் என்பதையும் சேர்த்துக் கொடு. டொக். டொக் டொக். “அட வடக்கு வூட்டுச் செல்லாத்தா, கொட்டையோட போட்டுட்டயே” என்று மாமியார் கத்த, “நீ பேசறதப் பாத்துட்டு எடுத்தா கொட்டையும் தெரியாது, கோதும் தெரியாது போ” என்று பதில் வந்தது. மெதுவா அத்தை, மெதுவா, பாப்பா தூங்குது, அம்மாவுக்குப் பரீட்சை.

திரையில் ஏஜெண்ட் எழுத ஆரம்பித்துவிட்டது. அது எழுதுவது இங்கிலீஷ்தான், சுகந்திக்குள் இறங்கும்போது அது ஊர்ப்பேச்சாகிவிடும். எப்போதும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படித்த மூளை, எதையும் ஒரு தடவை வீட்டு வாசலில் கால் கழுவ வைத்துத்தான் உள்ளே விடும். ஏஜெண்ட் முதலில் தொரட்டியிடம் கேட்டது: ‘நாச்சிமுத்து’. போச்சு. ஆளைத் தேடுகிறது. பலகையில் ஆள் பேர் எதுவும் இருக்காது, இருக்கவும் கூடாது, யார் எவ்வளவு பால் ஊற்றுகிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. தொரட்டி சொன்னது: ‘ஆள் பேரை வைத்து இங்கே தேட முடியாது. எந்த ஊர், எந்தப் பக்கம், எப்போதிருந்து, இதைச் சொல்.’ ஏஜெண்ட் சொன்னது: ‘லிஸ்ட் ஏறவில்லை.’ தொரட்டி: ‘அந்தப் பேரில் நிறைய இருக்கிறது. எந்த ஊர்?’ செருகிக்குள் ஸ்ரீவத்சன் சாரின் நாற்காலி கிறீச்சிட்டது, இவள் வீட்டுக் கொக்கி மாதிரியே. “என்ன இது, தேடச் சொன்னா நம்ம ஏஜெண்டையே திருப்பிக் கேள்வி கேக்குது?” என்றார். “கேட்டா பதில் குடுக்கறதுதானே டூல்? வெளில வாங்கலாம்னு சொன்னோமே, அதுல இந்த மாதிரி இல்லை. டக்குனு பத்து ரிசல்ட் வந்துடும்.” வாய் திறக்கக் கூடாது என்று அவரே சொன்னாரே. இப்போது அவரே திறக்கிறார். சொல்லு சுகந்தி, சொல்லு, டக்கென்று பத்து வந்தால் பத்தில் எது என்று யார் சொல்வது, நர்ஸ் அக்கா கேட்காமல் இருந்தால் சுகர்ச் செல்லாத்தாளுக்குப் பிரசர் மாத்திரை போயிருக்குமே. வாய் வரை வந்துவிட்டது. விரல் மைக் பட்டனில் நின்றது. தூளிக்குள் ஒரு சிணுங்கல். ம்ம். ம்ஹும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு புள்ளை யோசிக்கிறது, அழலாமா, வேண்டாமா. சுகந்தியும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள், பேசலாமா, வேண்டாமா. இழு, விடு. இரண்டு பேரும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

ஏஜெண்ட் ஊரைச் சொன்னது. பாதிக்கு மேல் உதிர்ந்தது. பக்கத்தைச் சொன்னது, புது மெம்பர் பக்கம். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. காலையிலிருந்து என்றது. இரண்டே கொப்பு. ஒன்று பெரிது, ஒன்று பொடிசு. பெரிது சிக்னல் இல்லாமல் காத்திருந்து அறுந்துபோவது, அது எல்லா ஊரிலும் உண்டு, கல்யாண வீட்டில் காக்காய் மாதிரி, துரத்தினாலும் போகாது. பொடிசு என்னவென்று சுகந்திக்கே உடனே தெரியவில்லை, ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஏதோ. ஏஜெண்ட் எழுதியது: பெரிதுதான் காரணமாக இருக்கலாம், அதுதான் அதிகம் பேருக்கு வந்திருக்கிறது.

இல்லை, அது இல்லை. எப்படித் தெரியும் இல்லை என்று? தெரியாது. ஆனால் சிக்னல் போனால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், ஏன் நாச்சிமுத்துவிலேயே நிற்க வேண்டும். காத்தால இருந்து நாச்சிமுத்துலயே. ஏஜெண்டே, எம்பட தங்கமே, கொளந்தசாமிண்ணா சொன்னதை இன்னொரு தடவை கேளு. ஆமாமா போடாதே. மாப்பிள்ளை ஆகாதே. இப்போது நான் ஒரே வரி எழுதி அனுப்பினால் அது திருத்திக்கொள்ளும், ஆனால் அப்புறம் தேடினது நானாகிவிடும், அதுவல்ல, நான் இல்லாதபோதும் தேட வேண்டும், அதற்குத்தானே தொரட்டி. மரத்தடியில் நான் நிற்காவிட்டாலும் கொப்பு வளைய வேண்டும். பல்லடம். பஸ் ஜன்னல். நனைந்த இரவிக்கை. வெண்பா முதல் அடி எடுத்து வைக்கிறபோது மாமியார் போனில் சொல்வார், ‘நடந்துட்டா அம்மிணி, நீ வாரதுக்குள்ள தூங்கியும் போயிட்டா’ என்று. சொல்வது அவர், பார்த்தது அவர், பெற்றது நான். ச்சே, என்ன நினைப்பு, இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை, நடந்த செய்திக்கு இப்போதே அழுதால் எப்படி. கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. கயிற்றை அடுத்த காலுக்கு மாற்றினாள். அந்த ஒரு நொடியில் கிறீச் நின்றது. தூளி ஆடாமல் நின்றது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி. புளி தட்டுகிற சத்தம் கூட எங்கோ நின்றுவிட்டது. கிறீச். மறுபடி ஆடியது. அப்பாடா.

‘ஆனால்’ என்று எழுதியது ஏஜெண்ட். எழுத்து நகர நகர சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டே படித்தாள். ‘ஆனால், ஒவ்வொன்றிலும் கடைசியாக எதைத் தொட்டார்கள் என்று தொரட்டி கொடுத்திருக்கிறது.’ தொரட்டி என்று அது எழுதவில்லை, நீளமான அந்த இங்கிலீஷ் பேரைத்தான் எழுதியது. போகட்டும், என் தொரட்டிதான். ‘பெரிய கொப்பில், ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நின்றிருக்கிறார்கள். சின்னக் கொப்பில், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார்கள். செயலாளர், ஒரே பேரில் நிற்கிறது என்கிறார். ஆகவே சின்னதுதான்.’ தொட்டிருக்கிறாரே, கொளந்தசாமிண்ணா, விபூதி பூசிய கையால் திரும்பத் திரும்ப. ‘ஒரே பேரும் ஒரே தகப்பன் பேரும் உள்ள இன்னொருவர் ஏற்கெனவே லிஸ்டில் இருந்தால், செயலி அதை இரட்டைப் பதிவு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த ஊரில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.’

“வாய்ப்பே இல்லையே” என்றார் ஸ்ரீவத்சன். “ஒரே ஊர்ல, ஒரே பேரு, அதே அப்பா பேரு?” அந்தப் பக்கம் பிரபாவதி அக்கா, இந்தப் பக்கம் சுகந்தி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சுகந்தி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார், தாத்தன் பேர் பேரனுக்கு. பேரனுடைய அப்பன் பேர் அவன் பேரனுக்கு. குலசாமிக்கு இரண்டே இரண்டு பேர், அதை மாற்றி மாற்றி வைத்து ஊரே உட்கார்ந்திருக்கும். இந்தச் செயலியை எழுதினபோது இதை ஏன் யாரும் நினைக்கவில்லை? நாச்சிமுத்துக்களுக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்குமே தோன்றவில்லையே, மூக்கிலேயே இருந்தும் தன் கண்ணுக்குத் தெரியாத மூக்குத்தி மாதிரி. “கொளந்தசாமியவே கேட்டுருவோம் சார்” என்று பிரபாவதி அக்கா அவரை லைனில் போட்டார். “ஏனுங்ண்ணா, உங்கூர்ல கருப்பண்ணன் மகன் நாச்சிமுத்து எத்தனை பேருங்க?” கொளந்தசாமி யோசிக்கிறது கேட்டது, மாடும் கூடவே யோசிக்கிற மாதிரி ஒரு கனைப்பு. “உசுரோடைங்ளா?” என்றார். “உசுரோடைதானுங்க, பால் ஊத்தறவங்க.” “கெணத்துக்காட்டு நாச்சிமுத்து ஒண்ணுங்க, மச்சு வூட்டு நாச்சிமுத்து ஒண்ணுங்க. வேலூருக்குப் போயிட்டு வந்தவன் ஒருத்தன், அவனும் கருப்பண்ணன் மகன்தானுங்க, எருமை வெச்சிருக்கறான். நீங்க எந்த நாச்சிமுத்தக் கேக்கறீங்க?”

எந்த நாச்சிமுத்தக் கேக்கறீங்க. தொரட்டி கேட்ட அதே கேள்வி. ஸ்ரீவத்சன் சார் சிரித்தார். இந்தத் தடவை மூக்கால் இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, அப்படியே இருமலாகி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். “சுகந்தி, இருக்கீங்களா? உங்க டூல் ஏன் கேள்வி கேக்குதுன்னு எனக்கு இப்பதாம்மா விளங்குது. எங்க தெருவுல நான் ஒருத்தன்தான் ஸ்ரீவத்சன். இந்த மாதிரி எனக்குத் தோணவே தோணாது. நீங்க காங்கேயத்துலயே இருங்க. வெளில எதுவும் வாங்க வேண்டாம். முதல் வேலையா அந்த நாச்சிமுத்துக்களுக்கு ஒரு வழி பண்ணுங்க, சாயந்திரப் பாலுக்குள்ள.” ‘சரிங்க சார்’ என்று எழுத வேண்டும். விரல் எங்கே போய்விட்டது. ‘சர்ங்க சர்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். பிரபாவதி அக்கா ஒரு பூவும் ஒரு சிரிப்பும் அனுப்பினார். வழி பெரிதில்லை. பேருக்கும் தகப்பன் பேருக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம், ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. கிணத்துக்காட்டு. மச்சு வீட்டு. எருமை. அதை எழுதி முடித்துவிட்டு மோர் குடிக்கலாம். இல்லை, மோர் குடித்துவிட்டு எழுதலாம். இல்லை, முதலில் எழுந்து நின்று ஆடலாம். கால் மரத்திருக்கிறது, ஆட முடியாது. செருகியைக் காதிலிருந்து பிடுங்கினாள், வெயிலும் காக்காயும் புளி வாசமும் ஒரேயடியாக உள்ளே வந்தன. ஜூன் மாதம் வரட்டும். வந்து போகட்டும். கோயம்புத்தூர் பஸ் ஊஞ்சவலசுப் பிரிவில் நின்று ஹாரன் அடிக்கட்டும், நான் ஏற மாட்டேன். அந்தக் குதிகால் தரையில் முதல் அடி வைக்கும்போது அதற்கு எதிரில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவு சந்தோசத்தை உட்கார்ந்துகொண்டே எப்படி வைத்துக்கொள்வது, யாரிடமாவது கொட்ட வேண்டுமே. தூளிக்குள் சேலை அசைந்தது. குதிகால். அப்புறம் முட்டி. அப்புறம் பிளவு வழியாக ஒரு கண், தூக்கம் தெளியாத ஒற்றைக் கண், அம்மாவைப் பார்த்துவிட்டு, அம்மாதான் என்று தெரிந்துகொண்டு, பல்லில்லாமல் சிரித்தது. பேர் வைக்கிற அன்றைக்குச் செல்லாண்டியம்மன் கோயிலில் மாமியார் புள்ளையின் காதில்தான் குனிந்து மூன்று தடவை சொன்னார், செல்லாத்தா, செல்லாத்தா, செல்லாத்தா என்று. சர்ட்டிபிகேட்டில் வெண்பா. ‘இந்தக் காலத்துல போயி இந்தப் பேரை வெச்சுக் கூப்புடுவாங்களா’ என்று சுகந்தி அன்றைக்கு உதட்டைச் சுழித்தாள். ‘நீ கூப்புடாட்டிப் போ, சாமி கூப்புட்டுக்கும்’ என்று மாமியாரும் சுழித்தார். அதற்கப்புறம் ஒரு நாள் கூட அந்தப் பேர் இவள் வாயில் வந்ததில்லை. பொது மருத்துவமனையில் ஆறேழு பேர் எழுந்து நிற்கிற பேர். பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்புகிற பேர். இன்றைக்குக் காப்பாற்றின பேர், கருப்பண்ணன் மகன் நாச்சிமுத்துவாக வந்து. இழுத்த கயிற்றை விட்டுவிட்டு எழுந்து, மரத்த காலோடு நொண்டி நொண்டிப் போய், இரண்டு கையாலும் தூளியை விரித்து, நெஞ்சு கொள்ளாமல், என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே, வீடு அதிரக் கூப்பிட்டாள்.

“செல்லாத்தா!”

“என்ன அம்மிணி?” என்றார் மாமியார் வேப்பமரத்தடியிலிருந்து. “ஏங்கண்ணு?” என்றார் வடக்கு வீட்டுக்காரர் அதே மூச்சில். “ஆஆ” என்றது தூளி.

புளி தட்டுகிற சத்தம் நின்றது. அப்புறம் மாமியார், காதில் விழுந்ததை நம்பாத குரலில், மெதுவாகக் கேட்டார்: “எந்தச் செல்லாத்தாளக் கூப்புட்டே?”

வெண்பா அவள் கழுத்தைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள், ஈரத் துணியும் பால் வாசமுமாக. சுகந்தி வாசலுக்கு வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்:

“கெழக்கால வூட்டுப் பொடிசுங்கத்தை. ஆனா வாங்க, மூணு பேரும் வாங்க, மோர் குடிக்கலாம்.”